எஃகு சண்டை போடாது

ஆலங்காயம் பக்கம்,
14.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

பழனி எழுதுவது. நானும் உங்கள் தங்கை வசந்தியும் இரண்டு கறவை மாடுகளும் சுகம். உங்கள் முழங்கால் வலி புனே குளிரில் அதிகமாகாமல் இருக்க வேண்டும். இங்கே மலையில் மழை பிடித்துவிட்டது. கிணற்றில் இரண்டு முழம் தண்ணீர் ஏறியிருக்கிறது.

கையில் செல்பேசி இருக்கும்போது இவன் ஏன் தபால் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் வசந்தி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பேச்சு பாதியிலேயே பால் விலைக்குப் போய்விடுகிறது. எனக்கு நிதானமாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

என் நண்பர் ஒருவர் மடக்குக் கத்தி வாங்கப் போகிறார். எந்த எஃகில் வாங்குவது என்று என்னைக் கேட்டார். தொழிற்சாலையில் கத்தியையும் உளியையும் உலையில் வைத்து எடுக்கும் பிரிவுக்கே மேற்பார்வையாளராக ஒரு மச்சான் இருக்கும்போது நான் ஏன் விழிக்க வேண்டும்? விவரமாக எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு, சும்மா தெரிந்துகொள்ளத்தான். எலுமிச்சம்பழத்துக்கும் எஃகுக்கும் ஏதாவது பகை உண்டா? ஆயுத பூசைக்கு அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றிலும் பழம் குத்துகிறோம். பூசையில் வைத்ததை மறுநாள் மதியம் வரை யாரும் தொடுவதில்லை. இதனால் எந்தக் கருவிக்காவது ஏதாவது ஆனதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஆனி மாதம் நீங்கள் கிளம்பும்போது, தொழிற்சாலை வாயிலில் இனிமேல் கத்தியை விடமாட்டார்களாம் என்று உங்கள் மடக்குக் கத்தியை என் உள்ளங்கையில் வைத்தீர்கள். “அய்யோ அண்ணா, கைல குடுக்காத. கீழ வெச்சு எடுத்துக்கச் சொல்லு, சண்ட வந்துடும்” என்று வசந்தி கூச்சல் போட்டாள். “எஃகு சண்டை போடாதும்மா” என்றீர்கள். அந்தக் கத்தி என்னிடம்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழனி

*

சாகன், புனே,
22.10.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பூபாலன் எழுதுவது. முழங்கால் பரவாயில்லை. உங்கள் கடிதத்தை விடுதிக் காவலர் கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்து இரண்டு கைகளாலும் கொடுத்தார். நான் அதை மூன்று முறை படித்தேன். நம் குடும்பத்தில் எஃகைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆள் நீங்கள். கல்யாண வீடுகளில் நான் பேச ஆரம்பித்தால் பந்தி போட்டாச்சு என்று எழுந்துவிடுவார்கள். போய்ப் பார்த்தால் இலைகூட விரித்திருக்காது.

கத்தி எஃகை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது கார்பன் எஃகு. இரும்பும் கொஞ்சம் கரியும், அவ்வளவுதான். சுலபமாகத் தீட்டலாம், மயிரிழைக் கூர் நிற்கும். ஆனால் ஈரமும் புளிப்பும் ஆகாது. இரண்டாவது எவர்சில்வர் இனம். பத்துக்கு ஒரு பங்குக்கும் மேல் குரோமியம் சேர்ந்தது. துரு அண்டாது. தீட்டுவதற்குப் பொறுமை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் டி-2 என்று ஒன்று உண்டு. கூர் வெகுநாள் நிற்கும், பாதி துருப்பிடிக்கும், தீட்டும்போது அழ வைக்கும். வயல் வேலைக்காரருக்கு நான் 14சி28என் என்ற சுவீடன் எஃகைச் சொல்வேன். கடைக்காரர் எஃகின் பெயரைச் சொல்லாமல் “ஜெர்மன் ஸ்டீல்” என்று மட்டும் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். கடினத்தையும் கேட்க வேண்டும். ராக்வெல் கணக்கில் 58 இருந்தால் குடும்பஸ்தருக்குப் போதும். 62-க்கு மேல் போனால் விளிம்பு பெயரும்.

எலுமிச்சம்பழமா? அருமையான கேள்வி. எவர்சில்வரில் ஒன்றும் ஆகாது. அரிவாளில் ஆகும், ஆனால் அரிவாளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? என் கத்தி மாதிரி கார்பன் எஃகில் ஒரு ராத்திரி பழம் குத்தி வைத்தால் கறுப்பு வளையம் விழும். அந்த வளையத்துக்குள் எஃகு அரித்துக் குழியாகிவிடும்.

நண்பர் யார்? அவர் கத்தியில்தான் பழம் பட்டதா? என் கத்திக்கு மாதம் ஒரு முறை ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போடுகிறீர்கள்தானே?

வசந்திக்கு என் அன்பு.

பூபாலன்

*

ஆலங்காயம் பக்கம்,
2.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

தீபாவளி நல்லபடியாகக் கழிந்தது. அதிரசம் அனுப்பியிருக்கிறாள் வசந்தி. எண்ணெய் சொன்னபடியே போடுகிறேன். முன்னைவிட அதிகமாகவே போடுகிறேன்.

நண்பர் பெயர் கேட்டீர்கள். அருள்மணி. உங்களுக்குத் தெரிந்தவர்தான், மரங்களுக்குக் கிளை கழித்துக் கவாத்து செய்கிறவர். நீங்கள் ஊகித்தது சரி. அவர் கத்தியில்தான் பழம் பட்டுவிட்டது. நீங்கள் சொன்ன அதே வளையம்.

அதை எடுக்க அவர், வீட்டில் குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்திருக்கிறார். கத்தியின் மற்ற பாகமெல்லாம் வெளுத்துவிட்டது. வளையம் மட்டும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது. காலையில் பார்த்தால் வெளுத்த இடத்தில் துரு பூத்திருந்ததாம். அவருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பஸ் நிலையம் பக்கம் ஒருவர் மோட்டார் சாணை வைத்திருக்கிறார். ஒரே நிமிஷத்தில் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொண்டுபோகலாமா? கொஞ்சம் சீக்கிரம் பதில் எழுதினால் நல்லது. அருள்மணி பொறுமையில்லாதவர்.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவச் சொன்னாள் வசந்தி.

பழனி

*

சாகன், புனே,
8.11.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அதிரசம் கிடைத்தது. இங்கே எல்லோருக்கும் கொடுத்தேன். ஒரு மராத்தி நண்பர் அதைக் கடினம் பார்க்கும் எந்திரத்தில் வைக்கலாமா என்று கேட்டார். வசந்தியிடம் சொல்ல வேண்டாம்.

புளியா! எலுமிச்சை அரித்த புண்ணில் மறுபடியும் புளிப்பை வைத்துச் சாம்பலால் தேய்த்திருக்கிறார். எரிகிற வீட்டை அணைக்க மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார் உங்கள் நண்பர்.

மோட்டார் சாணைக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாது. கண்டிப்பாகக் கூடாது. தண்ணீர் விடாமல் ஓடும் கல்லில் மெல்லிய விளிம்பு சில நொடியில் சூடேறிவிடும். முதலில் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, கடைசியில் நீலம். நீலம் வந்தால் எஃகின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். பார்க்க அழகாக இருக்கும், தக்காளிகூட நசுங்கும். ஈரக் கல்லில் கையால் தீட்டச் சொல்லுங்கள். வளையம் போகாது. இருந்துவிட்டுப் போகட்டும்.

முக்கியமான விஷயம். உங்கள் நிலத்தை ஒட்டியிருக்கும் என் சீத்தாத் தோப்பை அருள்மணி குத்தகைக்குக் கேட்டிருந்தார். தையில் சொல்கிறேன் என்றிருந்தேன். மரம் தெரிந்தவர், அவருக்கே கொடுத்துவிடலாம் என்றும் இருந்தேன். எஃகைப் புளியால் தேய்க்கிறவர் மரத்தை எதனால் தேய்ப்பாரோ. நீங்கள் ஒரு கத்திக்காக இவ்வளவு தூரம் கடிதம் எழுதிக் கேட்கிறீர்கள். தோப்பு உங்களுக்குத்தான், மாப்பிள்ளை. முடிவு செய்துவிட்டேன்.

பூபாலன்

*

ஆலங்காயம் பக்கம்,
14.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு அனைவரும் சுகம். உங்கள் கடிதம் நேற்று வந்தது. அருள்மணி முந்தின நாளே சாணைக்குப் போய்விட்டு வந்துவிட்டார்.

சாணைக்காரர் கத்தியைத் திருப்பிக் கொடுக்கும்போது, “பாரு சார், கண்ணாடி மாதிரி கீது. இதுலயே மூஞ்சி பாத்து ஷேவிங் பண்லாம்” என்றாராம். விளிம்பெல்லாம் ஏன் மயில் கழுத்து மாதிரி இருக்கிறது என்று கேட்டதற்கு, “அதான் சார் ஸ்டைலு. தனியா காசு குடுத்தாகூட வராது” என்றாராம். அகலத்திலும் கால் பங்கு குறைந்திருக்கிறது. தக்காளி நசுங்குகிறது. நீங்கள் சொன்னது அப்படியே சரி.

நீலம் வந்தபின் அதற்கு ஏதாவது வழி உண்டா? அருள்மணிக்காகத்தான் கேட்கிறேன்.

தோப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரிகளை நான் இரண்டு முறை படித்தேன்.

உங்களோடு எழுதி எழுதி எனக்கும் ஒரு கத்தி வாங்க ஆசை வந்துவிட்டது. உங்களுடையதைப் போலவே, அதே மரப்பிடி, அதே பித்தளை வளையம். விசாரித்ததில் அந்தக் கம்பெனி அதை இரண்டு எஃகிலும் செய்கிறதாம். கார்பனில் வாங்கவா, எவர்சில்வரில் வாங்கவா? உங்கள் கத்தியின் பரப்பில் ஒரு சாம்பல் நீல நிறம் இருந்ததே, இருக்கிறதே, அது கம்பெனியில் போட்டதா, தானாக வந்ததா?

பழனி

*

சாகன், புனே,
25.11.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஷிப்ட் முடிந்த கையோடு எழுதுகிறேன். எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நியாயமாக உங்களுக்கு எவர்சில்வரைத்தான் சொல்ல வேண்டும். மாட்டுக் கொட்டகை, மழை, வயல் என்று இருப்பவருக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். கார்பன் வாங்குங்கள்.

அந்த நிறம் கம்பெனி போட்டதல்ல. நான் பதினொரு வருடமாக மாங்காயும் வெங்காயமும் கொய்யாவும் அரிந்து வந்தது. ஒவ்வொருவர் சாப்பிடுவதைப் பொறுத்து நிறம் மாறும். அது கையெழுத்து மாதிரி. அது படிந்துவிட்டால் துருவும் எளிதில் பிடிக்காது.

நீலம் பற்றிக் கேட்டீர்கள். வழி உண்டு. எஃகு சாகவில்லை, இளகியிருக்கிறது. உலையில் வைத்துச் செம்மஞ்சளாகச் சிவக்கவிட்டு எண்ணெயில் தோய்த்து, மறுபடி இருநூறு டிகிரியில் பதப்படுத்தினால் எழுந்துவிடும். எங்கள் பிரிவில் அரை நாள் வேலை. ஆனால் அதற்கு முதலில் கத்தியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கெடுத்தவர்கள் காட்டுவதில்லை. என் இருபது வருட சர்வீசில் எஃகு விஷயத்தில் எனக்கு இருந்த தகராறு இது ஒன்றுதான்.

அருள்மணியிடம் போனில் பேசி, தோப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

மழை எப்படி? நிலக்கடலை காய்ந்துவிட்டதா?

பூபாலன்

*

ஆலங்காயம் பக்கம்,
16.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. புயல் மழையில் ஒரு வாரம் பஸ் இல்லை, மின்சாரமும் இல்லை. அதற்குப் பிறகு நானாகவே எழுதவில்லை. கடலை பாதி நனைந்து முளைத்துவிட்டது. நாங்கள் சுகம்.

புதுக் கத்தி வந்துவிட்டது. நீங்கள் சொன்னபடி கார்பன்தான். தினம் அதில் வெங்காயம் அரிகிறேன். குழம்புக்கு, பொரியலுக்கு, சட்னிக்கு எல்லாவற்றுக்கும் நான்தான். முதல் நாள் வசந்தி, “இன்னாங்க, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஷோபனாவிடம், “எங்க வூட்டுக்காரரு வெங்காயம் அரிஞ்சு குடுத்துட்டுதான் பால் கறக்கவே போறாரு. பதினாறு வர்சம் கழிச்சு சாமி கண்ணத் தொறந்துச்சு” என்று சொன்னது கொட்டகை வரை கேட்டது. நான் பால் கறந்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அருள்மணி வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனிதர், மச்சான். தோப்பை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று எனக்குப் படுகிறது. கத்தி வேறு, மரம் வேறு. அவர் சொன்னதை எல்லாம் முழுதாக எழுத இதில் இடம் போதாது.

பழனி

*

சாகன், புனே,
22.12.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இடம் போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. பரவாயில்லை, பெருந்தன்மைக்காரர்கள் நீட்டி எழுதமாட்டார்கள்.

அருள்மணிக்காகப் பரிந்து பேசாதீர்கள். போனில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? தன்னிடம் மடக்குக் கத்தியே கிடையாது என்று சாதித்தார். புளி போட்டுத் தேய்த்ததைப் பொறுத்துக்கொள்ளலாம், தெரியாமல் செய்தது. சாணைக்குக் கொண்டுபோனதையும் பொறுத்துக்கொள்ளலாம். இல்லவே இல்லை என்று சொன்னதை எப்படிப் பொறுப்பது? “பொய் சொல்லாதீங்க” என்றேன். “செரிங்க சார்” என்று வைத்துவிட்டார். எதிர்த்துக்கூடப் பேசவில்லை. குற்றம் உள்ளவன் அப்படித்தான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக வருகிறேன். குத்தகைப் பத்திரத்தை எழுதிக் கொண்டுவருகிறேன். என் கத்தியையும் உங்கள் கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் கையெழுத்து நன்றாக விழுந்திருக்கிறது என்று பார்ப்போம். உங்கள் கடிதங்களை ஷிப்டில் படித்துக் காட்டினேன். மூன்று பேர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

பூபாலன்

*

ஆலங்காயம் பக்கம்,
29.12.2024

மச்சானுக்கு,

சுகம் விசாரிக்கும் தகுதியைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

அருள்மணிக்குக் கத்தி கிடையாது. அவர் உங்களிடம் சொன்னது உண்மை. எலுமிச்சம்பழம், புளி, சாணை மூன்றும் உங்கள் கத்திக்கு நடந்தவை. மூன்றையும் செய்தவன் நான்.

ஆயுத பூசைக்கு உங்கள் கத்தியை அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். உங்கள் பொருள் என்பதால் சந்தனமும் குங்குமமும் கூடுதலாக வைத்தேன். இருந்த பழங்களில் பெரியதாகப் பார்த்து அதில்தான் குத்தினேன். மறுநாள் பழத்தைப் பிடுங்கியபோது வளையம் இருந்தது. அன்றைக்கே போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் “படம் அனுப்புங்க” என்பீர்கள். கடிதத்துக்குக் கேமரா கிடையாது. அதனால்தான் தபால்.

நண்பர் பெயர் கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுத வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் அருள்மணி சைக்கிளில் ரோட்டில் போனார். அவ்வளவுதான், மச்சான். வேறு யாராவது போயிருந்தால் அவர் பெயரை எழுதியிருப்பேன். அவர் உங்கள் தோப்பைக் கேட்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு இரண்டு முறை படித்தேன் என்று எழுதினேனே, அந்த இரண்டு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினாறு வருஷமாக அந்தத் தோப்பை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவன் நான். இதை எழுதாவிட்டால் மற்றதை எழுதியும் பயனில்லை.

அவர் வீட்டுக்கு வந்தபோது பேசியதை எழுத இடமில்லை என்றேன். இப்போது எழுதுகிறேன்.

“இன்னாணா, பூபாலன் சாரு போன் பண்ணாரு. எலுமிச்சங்கா, புளி, சாணைன்னு இன்னான்னமோ சொல்றாரு. எங்கிட்ட ஏதுணா கத்தி? ரம்பமும் கத்திரியும்தான கீது. யாரோ என்னப் பத்தி சொல்லிகீறாங்கணா. நீ ஒரு லெட்டர் போடேன். நீ சொன்னா கேப்பாருன்றாங்க.”

போடுகிறேன் என்றேன். போட்டேன். அது எப்படிப்பட்ட கடிதம் என்று உங்களுக்குத் தெரியும்.

புதுக் கத்தி எனக்காக வாங்கியதல்ல. உங்கள் கத்தி என்று சொல்லி உங்களிடம் கொடுக்க வாங்கியது. உங்கள் பதினொரு வருடக் கையெழுத்தை ஒரு மாதத்தில் போட்டுவிடலாம் என்றுதான் அத்தனை வெங்காயமும். இதை வசந்தியிடமும் நேற்றுச் சொல்லிவிட்டேன். தோப்பைப் பற்றியோ உங்களைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அப்ப வெங்காயம் எனக்காவ இல்லியா? கத்திக்காவதானா?” என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு கத்தியையும் பார்சலில் அனுப்புகிறேன். கெடுத்தவர்கள் காட்டுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். காட்டிவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இரண்டரை மாதம் ஆயிற்று.

பழனி

*

ஆலங்காயம் பக்கம்,
20.1.2025

மச்சானுக்கு,

பொங்கல் கழிந்தது. நீங்கள் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று வசந்தியிடம் போனில் சொன்னீர்களாம். போனை என்னிடம் நீட்டினாள். அதற்குள் நீங்கள் வைத்துவிட்டீர்கள்.

பார்சல் சேர்ந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று வசந்தி கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன்.

பழனி

*

சாகன், புனே,
2.2.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்கால் அப்படியேதான். பார்சல் நாலாம் தேதியே வந்துவிட்டது.

முதல் வாரம் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்தை எழுதினால் நீங்கள் அதைப் பத்திரமாக வைத்திருப்பீர்கள் என்பதால் எழுதவில்லை. அடுத்த வாரம் கோபம் வேறு ஆள் பக்கம் திரும்பியது. சாணையில் பறக்கும் தீப்பொறியைப் பார்த்தே எஃகின் வகை சொல்லுகிறவன் நான். எலுமிச்சை, புளி, சாணை, அதே மரப்பிடி, அதே நிறம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன்னால் வந்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பேச்சைக் கேட்க ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற மயக்கம். அந்த மயக்கத்தில் உண்மை சொன்ன மனிதரைப் பார்த்துப் பொய் சொல்லாதே என்றேன். “செரிங்க சார்” என்றாரே, அது இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் கடிதங்களை வாசித்துக் காட்டிய அந்த மூன்று பேர் மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்று தினம் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே உங்களுக்கு அறிவுரை சொல்லும் இடத்தில் நான் இல்லை.

மூன்றாவது வாரம் கத்தியை உலையில் வைத்தேன். இப்போது கடினம் 57 காட்டுகிறது. அகலம் முக்கால்தான் மிச்சம். எலுமிச்சை வளையத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம். எடுக்கவில்லை.

தோப்பு அருள்மணிக்கு. நேற்று போனில் மன்னிப்புக் கேட்டேன். “யாரு சார் அப்டி சொன்னது?” என்று கேட்டார். நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நானில்லை.

புதுக் கத்தியை இதோடு அனுப்பியிருக்கிறேன். அதைக் கொண்டுபோய் அருள்மணியிடம் கொடுங்கள். அவருக்கு ஒரு கத்தி உண்டு என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதையாவது உண்மையாக்குவோம். எதற்கு என்று கேட்பார்.

பழைய கத்தி உங்களுக்கு. பங்குனியில் வரும்போது கொண்டுவருகிறேன். இந்த முறை கீழே வைக்கிறேன். வசந்தி சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

பூபாலன்

*

ஆலங்காயம் பக்கம்,
20.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு பனி குறைந்துவிட்டது. வசந்தி சுகம், மாடுகள் சுகம். ஒரு மாடு சினையாக இருக்கிறது.

கத்தி வந்த மறுநாளே எடுத்துக்கொண்டு போனேன். இதில் ஒன்றும் தைரியம் இல்லை. ஒரு நாள் தள்ளினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தோப்பில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. அருள்மணி மரத்தடியில் முக்காலி போட்டு ஏறி நின்று கிளையை அறுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாணா, கையில இன்னா?”

“கத்தி. உனக்குத்தான்.”

“நான் கேக்கலியே.”

சொன்னேன். பூசையிலிருந்து ஆரம்பித்து, அவர் சைக்கிளில் போனது வரைக்கும், அதற்குப் பின்னாலும். அவர் ரம்பத்தைக் கிளையிலேயே விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே இறங்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு,

“நீயாணா?” என்றார். கிளையைப் பிடித்துக்கொண்டு, “உன் வூட்டுக்கே வந்து, உங்கிட்டயே லெட்டர் போடச் சொன்னேனே. காப்பி வேற குடுத்த” என்றார்.

ஆமாம், மச்சான், அன்றைக்குக் காப்பி கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்றும் கேட்டேன்.

கத்தியை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. “அங்க வெச்சிட்டுப் போணா” என்று வரப்பு மேட்டில் இருந்த கல்லைக் காட்டிவிட்டு ரம்பத்தை எடுத்தார். கீழே வைக்க வேண்டும் என்று நீங்களும் எழுதியிருந்தீர்கள். கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. என் பக்கத்து வேலியிலிருந்து தெரியும். பனி விழும் நேரம் என்பதால் கார்பன் எஃகு என்ன ஆகுமோ என்று இருந்தது. போய் எடுத்துத் துடைத்து வைக்க எனக்கு உரிமை இல்லை. நாலாம் நாள் கல் காலியாக இருந்தது. யாராவது வழியில் போனவர் எடுத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வேலியோரம் போய்ப் பார்த்தேன். ரம்பத்தால் அறுத்த இடங்கள் முந்தின நாள் வரை சொரசொரவென்று இருந்தன. அன்று முதல் ஒவ்வொரு காயத்தின் விளிம்பும் சுற்றிலும் வழவழப்பாகச் சீவப்பட்டிருந்தது. நல்ல கூர் உள்ள கத்தியால்தான் அப்படிச் சீவ முடியும். மரம் சீக்கிரம் ஆறும்.

என்னோடு இன்னும் பேசவில்லை. எதிரே வந்தால் சைக்கிள் மணியை மட்டும் அடிக்கிறார். எல்லோருக்கும் அடிப்பதுதான்.

வெங்காயம் இப்போதும் நான்தான் அரிகிறேன், வீட்டு எவர்சில்வர் கத்தியில். அதில் எந்த நிறமும் படியாது. வசந்தி அதை வாங்கிக் குழம்பில் போடுகிறாள். ஷோபனாவிடம் சொல்வதில்லை.

பங்குனியில் கண்டிப்பாக வாருங்கள். கத்தியைக் கீழே வையுங்கள். எடுக்க எனக்கும் மூன்று நாள் ஆகலாம்.

பழனி